ஜெனரல் மார்ஷல்

போரில் வென்றாரைப் போற்றுதலும், அவர்தம் பெயரைக் கல்லிலும் செம்பிலும் பொறித்து வைத்தலும் எந்நாட்டார்க்கும் இயல்பு. அலெக்ஸாந்தர், ஹானிபால், நெப்போலியன் என்னும் பெயர்களைப் பள்ளிச் சிறாரும் அறிவர். ஆயின், அவர் நடத்திய போர்களில் மடிந்த வீரர் எத்துணையர் என்று வினவின், சரித்திர நூல்கள் வாய் திறவா; திறப்பினும் ஓர் எண்ணைக் கூறி அப்பாற் செல்லும். அவ்வெண்ணின் பின்னே நின்று அழுத தாயரையும் மனைவியரையும் நினைந்து பார்த்த படைத்தலைவரைக் காண்டல் அரிது. அங்ஙனம் நினைந்து பார்த்தவர் ஒருவரது வாழ்வையே யாம் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

அவர் அமெரிக்கரான ஜார்ஜ் மார்ஷல். 80 லட்சத்திற்கு மேற்பட்ட வீரரைத் திரட்டிப் போருக்கு அனுப்பியவர். ஆயினும் ஒரு களத்திலேனும் தாமே படை நடத்திப் பொருதவரல்லர். பின்னர் அயல்நாட்டு அமைச்சராகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் விளங்கி, 1953-ஆம் ஆண்டில் அமைதிக்குரிய நோபெல் பரிசினைப் பெற்றார். வாழ்நாளெல்லாம் படைத்தொழில் புரிந்த ஒருவர்க்கு அப்பரிசு அளிக்கப்பட்டமை பலர்க்கு வியப்பையும் சிலர்க்கு வெகுளியையும் விளைத்தது. உண்மையை உரைப்பின், கிறிஸ்தவ மாணவராகிய எமக்கும் முதலில் அது பொருந்தாததாகவே தோன்றிற்று. அவ்வையத்தை உளத்திற் கொண்டே இவர் சரிதத்தைப் பயின்றோம். அவ்வையம் முற்றும் நீங்கிற்று என்று கூறமாட்டோம். ஆயினும் அது வேறு உருவங் கொண்டது.

மார்ஷல் 1880-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31-ஆம் நாள் பென்ஸில்வேனியா மாகாணத்திலுள்ள யூனியன்டவுன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் நிலக்கரித் தொழிலிற் பொருளீட்டிப் பின் அதனை இழந்தவர். மைந்தரோ பள்ளிக் கல்வியிற் சிறந்தவரல்லர். அவருடைய தமையனார் வர்ஜீனியா நாட்டுப் படைக்கல்லூரியிற் பயின்று தேறியவர். தம்பியையும் அக்கல்லூரிக்கு விடுத்தால் குடிப்பெயர்க்கு இழுக்கு நேருமென்று அவர் அன்னையாரிடம் எடுத்துரைத்ததை, அடுத்த அறையில் இருந்த இளைஞர் மார்ஷல் கேட்டுவிட்டார். ஆசிரியர் கண்டிப்பும் பெற்றோர் அறிவுரையும் செய்யமாட்டாததை அவ்வொரு சொல் செய்ததென முதுமையில் அவரே கூறினார். 1897-இல் அக்கல்லூரி புகுந்து, 1901-இல் மாணவர் படையின் முதற்றலைவராக வெளிப்போந்தார். தமையன்மாரின் நாவுக்கு அஞ்சி வாழும் நம் கல்லூரி நண்பர் சிலர்க்கு இச்செய்தி ஆறுதலளிக்கும் என்று எண்ணுகின்றோம்.

1902-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் இளந்தளபதியாகப் பதவி பெற்று, அத்திங்களிலேயே லில்லி என்னும் நங்கையை மணந்து, சின்னாளில் அவரைப் பிரிந்து பிலிப்பைன் தீவுகளுக்குக் கப்பலேறினார். அதன்பின் பதினைந்தாண்டுக் காலம் அவர் வாழ்வில் விரித்துரைக்கத் தக்கது மிகுதியில்லை. அமைதிக் காலப் படையில் பதவி உயர்வு நத்தை நடையாகவே வரும்.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரிற் புகவே, மார்ஷல் முதலாம் படைப்பிரிவுடன் பிரான்ஸ் சென்றார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் நிகழ்ந்த ஒரு செய்தி அவர் இயல்பை நன்கு விளக்குவது. அமெரிக்கப் படைகளுக்கெல்லாம் தலைவரான ஜெனரல் பெர்ஷிங் என்பார், அப்பிரிவின் பயிற்சியைக் காண வந்தவர், குறைகள் பல கண்டு, பிரிவின் தலைவரை அவர்தம் கீழ் அதிகாரிகள் முன்னிலையிலேயே கடிந்து பேசினார். பேசிவிட்டுத் திரும்பியவரை மார்ஷல் விடவில்லை. பெருந்தலைவரின் கையைப் பற்றி நிறுத்தி, பிரிவுக்கு வேண்டுவன வந்து சேராமையையும், அதனால் விளைந்த இடர்களையும், பழி யார் மேலது என்பதையும் அடுக்கிக் கூறலானார். சூழ நின்ற தோழர், மார்ஷலின் வாழ்வு அன்றே முடிந்ததெனக் கருதினர். நிகழ்ந்தது வேறு. அன்று தொட்டுப் பெர்ஷிங், அப்பிரிவுக்கு வருந்தோறும் மார்ஷலைத் தனியே அழைத்து உண்மை நிலையைக் கேட்டறிவாராயினர். போர் முடிந்தபின் 1919 முதல் 1924 வரை அவரையே தம் துணைவராகவும் வைத்துக்கொண்டார். மேலோர் முன் மெய் கூறுதல் மார்ஷலுக்கு இயல்பு; அதனைக் கேட்டுப் பொறுத்தல் பெர்ஷிங்குக்குப் பெருமை. இரண்டனுள் எது அரிது என்பதை யாம் துணிந்திலேம்.

1918-ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஸாங் மியேல் என்னும் களத்தினின்றும் மியூஸ்-ஆர்கோன் களத்துக்குப் பல லட்சம் வீரரையும், பீரங்கிகளையும், குதிரைகளையும், இரண்டு வாரத்துள் பகைவர் அறியாவாறு இராப்பொழுதிலேயே நகர்த்த வேண்டியதாயிற்று. செல்வதற்கு இருந்த சாலைகளோ மிகச் சில. அதற்குத் திட்டம் வகுத்தவர்களுள் தலையாயவர் மார்ஷல். அவ்வருஞ்செயலைப் படைநூல் வல்லார் இன்றும் வியப்பர். ஆயின் அக்களத்தில் 47 நாட்களில் இறந்த அமெரிக்கர் ஏறத்தாழ 26,000 பேர். தாம் படத்தில் வரைந்த கோடுகளின் வழியே நடந்து சென்றவர் அவர் என்பதை மார்ஷல் மறந்திலர் என்பது பின்னை நிகழ்ச்சிகளால் விளங்கும்.

சீனத்துத் தியன்ட்சின் நகரில் 1924 முதல் 1927 வரை இருந்து, தாயகம் மீண்ட சில திங்களில் லில்லி அம்மையார் நோயால் இறந்தார். 25 ஆண்டு உடன் வாழ்ந்த மனைவியை இழந்த துயரை மார்ஷல் வேலையில் அமிழ்த்தினார். பென்னிங் கோட்டைக் காலாட்படைப் பள்ளியில் 1927 முதல் 1932 வரை பாடமுறையை அவர் திருத்தியமைத்தார். அங்குப் பயின்றும் பயிற்றியும் வந்தோருட் பலர் பின்னர்ப் பெரும் போரில் தளபதிகளாயினர். 1930-இல் காதரின் என்னும் கைம்பெண்ணை மணந்தார். அவருக்கு முன்னைக் கணவர் வழி மக்கள் மூவர் இருந்தனர். மூவருள் இளையவனான ஆலன் என்னும் சிறுவன் தாயின் மறுமணத்துக்கு முதலில் இசையாது தயங்கிப் பின்னர்த் தானே மார்ஷலைத் தம் விடுமுறை இல்லத்துக்கு வருமாறு அழைத்துக் கடிதம் எழுதினான். மக்கட்பேறற்ற மார்ஷல் அப்பிள்ளைகளைத் தம் மக்களாகவே கருதினார். ஆலனைப் பற்றி மீண்டும் கூற நேரும்.

1938-ஆம் ஆண்டு நவம்பரில் வெள்ளை மாளிகையில் ஓர் ஆலோசனைக் கூட்டம் நிகழ்ந்தது. நாட்டுத் தலைவர் ரூஸ்வெல்ட், விமானங்களைப் பெருக்குதல் பற்றித் தம் கருத்தை விரித்துரைத்து, ஒவ்வொருவரையும் நோக்கினார்; ஒவ்வொருவரும் தலையசைத்தனர். அண்மையிற்றான் துணைத் தலைமைத் தளபதியான மார்ஷல் மட்டும் தமக்கு அது உடன்பாடன்று என்றார். விமானத்தைச் செலுத்துவோரும், பேணுவோரும், துணைநிற்கும் தரைப்படையும் இல்லாது விமானம் மட்டும் இருந்து பயனென்னை என்பது அவர் கருத்து. முன்போலவே இப்பொழுதும் நண்பர் அவரிடம் விடைபெற்றுக் கொள்வார் போன்று அனுதாபத்துடன் நோக்கினர். ஆயினும் ரூஸ்வெல்ட் அவரையே தலைமைத் தளபதியாகத் தேர்ந்தார். மார்ஷல் அப்பதவியேற்ற நாள் 1939 செப்டெம்பர் 1. ஜெர்மானியர் போலந்திற் புகுந்த நாளும் அதுவே. அன்று அமெரிக்கத் தரைப்படையில் இருந்தோர் இரண்டு லட்சத்திற்கும் குறைவு.

ரூஸ்வெல்ட் இன்மொழியாளர், யாவரையும் நண்பரைப்போல் முதற்பெயர் சொல்லி அழைப்பவர். மார்ஷல் அதனை விரும்பவில்லை. தலைவரது நகைச்சுவைக்கு நகைப்பதும் இலர். அவர்தம் ஹைட் பார்க் இல்லத்துக்கு விருந்தினராகச் செல்வதும் இலர். 1945-இல் தலைவரின் நல்லடக்கத்தின்பொருட்டே அவ்வில்லத்துக்கு முதன்முறை சென்றார். நட்பு நெருங்கினால் மறுத்துரைக்கும் நா தளரும் என்று அஞ்சினார் போலும்.

சட்டசபையார் அவர் சொல்லை நம்பினர். இளைஞரைக் கட்டாயமாகப் படையிற் சேர்க்கும் சட்டத்தை நீட்டிக்க வேண்டி அவர் பன்முறை சபைக்குழுக்களின் முன் நின்று எடுத்துரைத்தார். 1941 ஆகஸ்டு 12-ஆம் நாள் பிரதிநிதிகள் சபையில் அது 203-க்கு 202 என ஒரே வாக்கால் நிறைவேறிற்று. அவ்வொரு வாக்குத் தவறியிருப்பின், நான்கு திங்கட்குப் பின் ஜப்பானியர் தாக்கிய பொழுது அமெரிக்கப் படை பெரும்பாலும் கலைந்திருக்கும்.

அத்தாக்குதலின் பழியில் மார்ஷலுக்கும் பங்குண்டு என்பதை மறைத்தல் ஆகாது. 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவர் வழக்கம்போற் குதிரையேறி உலாவச் சென்றிருந்தார். ஜப்பானியரது மறைமொழிச் செய்தியைக் கண்டதும் தீவுகளிலிருந்த தளபதிகளுக்கு எச்சரிக்கை எழுதினார். படையின் வானொலி அன்று ஹவாய்த் தீவுடன் தொடர்பு கொள்ள முடியாதிருந்தமையின், அது சாதாரணத் தந்தி வழியே அனுப்பப்பட்டது. தந்தி உரியவர் கையிற் சேர்வதற்குள் பேர்ல் துறைமுகத்திற் கப்பல்கள் எரிந்து கொண்டிருந்தன. அன்று இறந்த அமெரிக்கர் 2,403 பேர். பின்னை நாளில் அமைந்த விசாரணைக் குழுவொன்று அவரையும் குறை கூறிற்று.

போர் தொடங்கியபின் இறந்த வீரர்தம் குடும்பங்கட்கு மார்ஷல் முதலில் தம் கைப்படவே கடிதம் எழுதி வந்தார். எண்ணிக்கை நூறுகளிலிருந்து ஆயிரங்களாக ஏறியபோது அது இயலாதாயிற்று. அச்சிட்ட அட்டைகளே செல்லலாயின. இவ்விடத்து அவர் வேறொரு வழக்கத்தை மேற்கொண்டார். இறந்தோர், புண்பட்டோர், காணாமற் போனோர் தொகையைச் சின்னாட்கொருமுறை வண்ணக் கோடுகளால் வரையச் செய்து, நாட்டுத் தலைவர் முன் வைப்பார். வெறும் எண்ணாக இருப்பின் கண் அதனைக் கடந்துவிடும் என்பது அவர் எண்ணம். நாள்தோறும் கேட்கும் சாவுச் செய்தியால் நெஞ்சம் காய்த்துப் போகும். அங்ஙனம் காய்த்துப் போன நெஞ்சுடையார் போர்த் திட்டம் வகுத்தல் பெருந்தீங்கு என்று கருதினார். போரை ஆணையிடுவார்க்கு அதன் விலையை ஒளியாது காட்டுதல் படைத்தலைவன் கடமை என்பதனை இவர் செயலிற்போல் வேறு எவர் செயலிலும் யாம் கண்டிலேம். போர் நடந்துகொண்டிருக்கையில் தமக்கு வந்த பதக்கங்களையும் அவர் கூடியவரை மறுத்தார். இளைஞர் இறந்துகொண்டிருக்கத் தாம் மார்பில் அணி பூணுதல் நாணத்தக்கது என்று எண்ணினார்.

அவ்வண்ணக் கோடுகளுள் அவர்தம் இல்லத்தின் பங்கும் ஒரு நாள் சேர்ந்தது. ஆலன் டாங்கிப் படையில் இளந்தளபதியாக இத்தாலிக்குச் சென்றிருந்தார். தலைமைத் தளபதியின் மகன் என்று பின்னணியில் ஓரிடம் அமைத்துக் கொடுத்தல் மார்ஷலுக்கு அரிதன்று. அதனை அவரும் செய்யவில்லை, மகனும் வேண்டவில்லை. 1944 மே 29-ஆம் நாள் ரோமாபுரிக்குத் தெற்கே, தம் டாங்கியினின்றும் தலை நிமிர்த்திப் பகைவர் நிலையை நோக்கிய ஆலன், மறைந்திருந்து சுட்டவனது குண்டால் மாண்டார். செய்தி அலுவலகத்துக்கு வந்தது. மார்ஷல் எழுந்து வீடு சென்று மனைவியாரிடம் தாமே அதனைக் கூறினார். பல்லாயிரம் தாயர்க்கு அஞ்சலில் அனுப்பிய செய்தியை ஒரு தாய்க்கு நேர்நின்று சொல்லவேண்டியதாயிற்று.

நார்மண்டியில் நேசப்படைகள் இறங்கியதும், ஜூன் திங்களில் அவர் பிரான்ஸ் கரையைப் பார்வையிட்டு, இத்தாலிக்குச் சென்றார். அங்கே ஆன்ஸியோவின் அருகில் புதிதாய்த் தோண்டப்பட்ட கல்லறைகளிடையே ஆலன் கிடந்த இடத்தைக் கண்டார். உடனிருந்த டாங்கி வீரரை அழைத்து, அன்று நிகழ்ந்ததனை முதலிலிருந்து இறுதிகாறும் கேட்டறிந்தார். பின்னர் வேலைக்கு மீண்டார். தம் துயரத்தைப் பற்றி அவர் பொதுவில் ஒரு சொல்லும் பேசியதில்லை.

நார்மண்டிப் படையெடுப்பின் தலைமை அவருக்கே உரியதென்று யாவரும் எண்ணியிருந்தனர். ஆங்கிலக் கால்வாயைக் கடந்து தாக்குதலே வெற்றிக்கு வழியென்று 1942 முதல் சர்ச்சிலோடு வாதிட்டவர் அவரே. (அவ்வாண்டிலேயே கடந்திருப்பின் பெருந்தோல்வி விளைந்திருக்கும் என்பது அறிஞர் பலர் கருத்து; இவ்வகையில் சர்ச்சிலின் தயக்கமே அறிவுடையது.) 1943 டிசம்பரில் கெய்ரோ நகரில் ரூஸ்வெல்ட் அவரது விருப்பத்தைக் கேட்டார். விரும்புகின்றேன் என்று ஒரு சொல் கூறின் போதும். மார்ஷல் கூறவில்லை, தலைவர் நாட்டுக்கு நலமெனக் கருதுவதைச் செய்க, தம் விருப்பம் பொருளன்று என்றார். அவர் தலைநகரை நீங்கின் தமக்கு உறக்கம் வாராதென்று கூறி, ரூஸ்வெல்ட் அத்தலைமையை ஐஸன்ஹோவருக்கு அளித்தார். அந்நியமனத்தை ஸ்டாலினுக்கு அறிவிக்கும் குறிப்பை எழுதியவரும் மார்ஷலே. தாம் எழுதித் தலைவர் கையொப்பமிட்ட அத்தாளை, நினைவுப் பொருளாக ஐஸன்ஹோவருக்கே அனுப்பி வைத்தார். பெரும்புகழ் ஒன்று கைநழுவிப் போகும்பொழுது அதனைப் பொதிந்து கொடுத்தனுப்பும் உள்ளம் எத்துணையர்க்கு உண்டு?

இனி, எம் ஐயம் மிகுதியும் தங்கும் இடத்துக்கு வருகின்றோம். அணுகுண்டு ஆக்கப்படுவதை மார்ஷல் தொடக்கத்திலிருந்தே அறிவார். 1945 மே இறுதியில், அதனை முதற்கண் கடற்படைத் தளம் போன்ற படைநிலைமீதே ஏவவேண்டும், அதனாற் பயனின்றேல் தொழில் நகரங்களை எண்ணலாம், அப்பொழுதும் மக்கள் வெளியேறுமாறு முன்னரே எச்சரிக்க வேண்டும் என்று அவர் கூறியதாகக் குறிப்பு உள்ளது. அக்கருத்து ஏற்கப்படவில்லை. அவரும் அதற்காக உறுதியாய் நின்று போராடினாரல்லர். பெர்ஷிங்கின் கையைப் பற்றி நிறுத்திய கை இங்கே எழவில்லை. ஜப்பானிய மண்ணிற் படையிறக்கின் வீழக்கூடிய அமெரிக்க இளைஞரின் தொகை அவர் கண்முன் நின்றது என்பர். ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமாவும் 9-இல் நாகஸாகியும் எரிந்தன. நாகஸாகியில் உரகாமி என்னும் பகுதி, கொடுமைகட்கிடையே பல தலைமுறை தம் விசுவாசத்தைக் காத்து வந்த கிறிஸ்தவர் வாழ்ந்த இடம்; அவர்தம் பேராலயமும் இடிந்து வீழ்ந்தது. அவ்விறந்தோர்க்கு வண்ணக் கோடு வரைந்து எவர் மேசைமீதும் வைத்தாரில்லை. தம் நாட்டு இளைஞரின் சாவைக் கண்முன் வைத்திருந்த நல்லார்க்கும் பிறநாட்டுக் குழந்தைகளின் சாவு தொலைவிலேயே தோன்றும் போலும். மார்ஷலைப் போற்றும் யாம் இதனைப் போற்றமாட்டோம்.

1945 நவம்பரில் பதவி நீங்கி, வர்ஜீனியாவில் லீஸ்பர்க் என்னும் ஊரிலுள்ள தம் இல்லத்தை அடைந்த மறுநாளே தொலைபேசி ஒலித்தது. புதிய தலைவர் ட்ரூமன், சீனத்து உள்நாட்டுப் போரைத் தணித்து வருமாறு வேண்டினார். ஓய்வெடுக்கலாமென்று மகிழ்ந்திருந்த மனைவியார் வருந்தினர், மார்ஷல் மறுக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் முயன்றும் சியாங் கை ஷேக்கையும் பொதுவுடைமையாரையும் இணைக்க இயலாது 1947 ஜனவரியில் மீண்டார். மீண்டதும் அயல்நாட்டு அமைச்சரானார்.

அஞ்ஞான்று ஐரோப்பாவின் நிலை இரங்கத்தக்கது. 1946-47 பனிக்காலம் மிகக் கொடிது. நிலக்கரி இன்மையால் இங்கிலாந்தில் ஆலைகள் நின்றன. நாட்டுப்புறத்து உழவன் விளைவித்ததை நகரத்தான் வாங்குதற்குக் கைமாறாகக் கொடுக்கப் பொருளில்லை. ஜெர்மானிய நகரங்களில் மக்கள் இடிபாடுகளிடையே பசித்திருந்தனர். அவ்வாண்டு மார்ச்சு, ஏப்ரல் திங்களில் மாஸ்கோவிற் கூடிய அமைச்சர் மாநாட்டில் யாதும் முடிவாகவில்லை. ஏப்ரல் 15-ஆம் நாளிரவு மார்ஷல் ஸ்டாலினைக் கண்டபோது, அவர் சற்றும் கவலையின்றி, காலம் கழியட்டும் என்னும் போக்கிற் பேசினார். ஐரோப்பா சீர்குலைவதே அவர்க்கு விருப்பமெனத் துணிந்த மார்ஷல், திரும்பும் வழியெல்லாம் இதே சிந்தனையாய் இருந்தார். வந்ததும் கென்னன் என்னும் அறிஞரைத் தலைவராக்கி ஒரு குழு அமைத்து, திட்டம் வகுக்கச் செய்தார்.

1947 ஜூன் 5-ஆம் நாள் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அவர் ஆற்றிய உரை கால் மணி நேரமும் நீடிக்கவில்லை. குரலை உயர்த்தாது, தாளை நோக்கியே படித்தார் என்பர். அவ்வுரையின் கருத்து இரண்டு. அமெரிக்கா அளிக்கும் உதவி எந்த நாட்டுக்கும் கொள்கைக்கும் எதிரானதன்று. பசி, வறுமை, நம்பிக்கையின்மை என்பவற்றுக்கே எதிரானது என்பது ஒன்று. வேண்டுவது யாதென்பதை ஐரோப்பிய நாடுகள் தாமே கூடி ஆராய்ந்து கூறவேண்டும், அமெரிக்கா தானே எழுதிக் கொடுத்தல் முறையன்று என்பது மற்றொன்று. இவ்விரண்டாவதனை யாம் மிக உயர்வாகக் கருதுகின்றோம். கொடுப்போன் வாங்குவோனது மானத்தையும் காத்தல் கொடையினுஞ் சிறந்தது.

பிரிட்டிஷ் அமைச்சர் பெவின் அச்செய்தியைக் கேட்டதும் தாமதமின்றிச் செயலில் இறங்கினார். பதினாறு நாடுகள் பாரிஸ் நகரிற் கூடின. ருஷ்யா விலகிற்று, வர இசைந்த செக்கோஸ்லோவாக்கியாவையும் வரவொட்டாது தடுத்தது. அமெரிக்கச் சட்டசபையோ ட்ரூமனுக்கு எதிர்க்கட்சியார் கையில் இருந்தது. ஆதலின் திட்டம் தம் பெயரால் வழங்கின் உயிர் பெறாதென்று அறிந்த ட்ரூமன், அதற்கு மார்ஷல் பெயரையே இடச்செய்தார். மார்ஷல் ஊர் ஊராகச் சென்று, உழவரையும், வணிகரையும், மாதர் சங்கத்தாரையும் கண்டு பேசினார். படைக்கு ஆள் திரட்டிய அதே உழைப்பை ரொட்டிக்குப் பொருள் திரட்டுதலிற் காட்டினார் எனலாம். 1948 ஏப்ரல் 3-இல் சட்டம் நிறைவேறிற்று. அத்திங்கள் 14-ஆம் நாள் டெக்ஸாஸிலுள்ள கால்வெஸ்டன் துறைமுகத்தினின்றும் 9,000 டன் கோதுமையேற்றிய கப்பலொன்று பிரான்ஸ் நாட்டுப் போர்டோவை நோக்கிப் புறப்பட்டது. நான்காண்டில் அளித்த உதவி ஏறத்தாழ 1,300 கோடி டாலர். தோற்ற பகைநாடான மேற்கு ஜெர்மனியும் அதிற் பங்கு பெற்றது.

இவ்வுதவியில் அமெரிக்காவின் தன்னலம் கலந்திருந்தது உண்மையே. அப்பொருளிற் பெரும்பகுதி அமெரிக்கச் சந்தையிலேயே செலவாயிற்று. ஐரோப்பா இரு கூறாகப் பிளவுபட்டதும் விரைந்தது. ஆயினும், முதற்போரின் முடிவில் தோற்றாரிடம் தண்டப்பொருள் கேட்ட வெற்றியாளர் இருந்தனர். இரண்டாவதன் முடிவில் தோற்றார்க்கும் கோதுமை அனுப்பினர். இவ்வேறுபாடு சிறிதன்று. ஆர்கோன் காட்டில் மடிந்தவர்தம் தம்பியரும் மக்களுமே இருபத்தைந்து ஆண்டிற்குப்பின் அதே மண்ணில் மீண்டும் மடிந்தனர் என்பதை மார்ஷலினும் அறிந்தவர் யாவர்?

1949-இல் உடல்நலங் குன்றிப் பதவி நீங்கினார். கொரியப் போர் மூண்டபின் ட்ரூமன் மீண்டும் அழைத்துப் பாதுகாப்பு அமைச்சராக்கினார். படை அதிகாரியாயிருந்தோர் பத்தாண்டு கழியாமுன் அப்பதவியேற்றல் சட்டத்துக்கு மாறாதலின், அவர்பொருட்டுத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. அவ்விவாதத்திலேயே செனட் சபையார் ஒருவர் அவரை இழிமொழிகளால் வைதார். 1950 செப்டெம்பர் 21 முதல் ஓராண்டு அப்பொறுப்பில் இருந்தார்.

அவ்வோராண்டில் ஒரு தவறும் ஒரு நற்செயலும் கூறுதற்குரியன. பதவியேற்ற சின்னாளில், 38-ஆம் அட்சரேகைக்கு வடக்கே செல்லத் தடையேதும் கருதவேண்டா என்னும் கருத்துப்பட ஜெனரல் மக்கார்தருக்குத் தந்தி விடுத்தார். படைகள் யாலு ஆற்றை நெருங்கவே சீனர் பெருந்திரளாக வந்து தாக்கினர், போர் நீண்டது. தளபதியின் கையைக் கட்டலாகாதென்னும் அவரது பழங்கொள்கை இங்கே தீங்காய் முடிந்தது. பின்னர், போரைச் சீனத்துக்குள்ளும் கொண்டு செல்ல வேண்டுமென்று மக்கார்தர் அரசின் கொள்கைக்கு மாறாக வெளிப்படப் பேசியபோது, அவரை நீக்க மார்ஷல் முதலில் தயங்கினார். பழைய செய்திகளையெல்லாம் ஓரிரவு எடுத்துப் படித்தபின், முன்னமே நீக்கியிருத்தல் வேண்டும் என்றார். 1951 ஏப்ரலில் மக்கார்தர் நீக்கப்பட்டார். மே திங்களில் செனட் குழுவின் முன் பல நாள் வினாக்களுக்கு மார்ஷல் விடை கூறினார். படைத்தலைவன் தன் களம் ஒன்றையே காண்பான், அரசோ உலகம் முழுவதையும் காணவேண்டும். ஆதலிற் படை அரசுக்கு அடங்கியதே என்பதும், கொரியாவில் வெல்லும்பொருட்டு மூன்றாம் உலகப் போரை விலையாகக் கொடுத்தல் ஆகாது என்பதும் அவர் வாதத்தின் சாரம்.

அடுத்த திங்களில் மக்கார்த்தி என்னும் செனட் உறுப்பினர், சீனம் பொதுவுடைமையார் வசமானதற்கு மார்ஷலே காரணமென்றும், அவர் பெருஞ்சதிக்கு உடந்தையென்றும் நெடிய பழியுரை ஒன்றைச் சபையில் வெளியிட்டார். மார்ஷல் விடையிறுக்கவில்லை. 1952-இல் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட ஐஸன்ஹோவர், மக்கார்த்தியின் மாகாணத்திற் பேசுகையில், மார்ஷலைப் புகழ்ந்து எழுதி வைத்திருந்த பகுதியைத் தம் உரையினின்றும் நீக்கிவிட்டார். கெய்ரோவிலிருந்து அக்குறிப்புத் தாளைப் பெற்றவர் இவர். மார்ஷல் அதற்கும் யாதும் கூறிலர்.

1953-இல் எலிஸபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவுக்குச் சென்று, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் தம் இருக்கையை நோக்கி நடந்தபோது, இருந்தோர் எழுந்து நின்றனராம். எவரோ பெரியவர் வருகின்றாரென்று மார்ஷலும் பின்னே திரும்பிப் பார்த்தாராம்.

அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஆஸ்லோ நகரில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அதே மேடையில் 1952-ஆம் ஆண்டுக்குரிய பரிசு, ஆப்பிரிக்கக் காட்டில் நோயாளர்க்குத் தொண்டு செய்துகொண்டிருந்த மருத்துவ மிஷனரி ஆல்பர்ட் ஷ்வைட்ஸர்க்கு அவர் வாராமையின் பிறர் கையில் அளிக்கப்பட்டது. மிஷன் கல்லூரியிற் பயிலும் நமக்கு இவ்விருவரையும் ஒருங்கே நினைத்தல் இனிது. எனினும் ஒருவர் பெறுதற்கு எவரும் மறுப்புக் கூறிலர், மற்றவர் பெறும்பொழுது மேல்மாடத்தினின்றும் சிலர் கூக்குரலிட்டுத் துண்டுத்தாள்களை வீசினர். ஹாகோன் மன்னர் எழுந்து கைதட்டினார். அவையும் உடன் எழுந்தது. மறுநாட் சொற்பொழிவில், படைவீரனுக்கு இப்பரிசு தகுமோ என்னும் ஐயத்தை மார்ஷல் தாமே எடுத்துரைத்தார். போரின் விலை தம்முன் கணக்கேட்டைப்போல் என்றும் விரிந்து கிடப்பதென்றும், அவ்வேட்டின் பத்திகள் கல்லறைகளே என்றும் கூறினார். படைவலி மட்டும் அமைதிக்குப் போதிய அடிப்படையன்று. பிறநாட்டு வரலாற்றை வெறுப்பின்றிக் கற்பித்தலும், வறியோர் குறை தீர்த்தலும் வேண்டும் என்பன அவர் மேலும் கூறியவை. படைவலியே வேண்டா என்றும் அவர் கூறினாரல்லர்.

அவர் கணக்கேடு என்றது வெறும் உவமையன்று. பெர்ஷிங்குக்குப் பின், கடல் கடந்த அமெரிக்கப் போர்க் கல்லறைகளைப் பேணும் ஆணைக்குழுவுக்கு 1949 முதல் இறக்கும்வரை அவரே தலைவர். நெட்டூனோவில் அக்குழு அமைத்த கல்லறை நிலத்தில் ஏறத்தாழ 7,800 பேர் துயில்கின்றனர். ஆலனும் அவருள் ஒருவர். அவர்க்கும் ஏனையோர்க்கும் கல் ஒரே அளவினது.

வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு பதிப்பாளர் பெரும்பொருள் தர முன்வந்தும் மார்ஷல் எழுதவில்லை. எழுதின் உடன் உழைத்தோர் சிலர்தம் மனம் புண்படும் என்பது அவர் கூறிய காரணம். 1959 அக்டோபர் 16-ஆம் நாள் தலைநகரில் வால்டர் ரீட் மருத்துவமனையில் உயிர் துறந்தார். நாட்டு மரியாதையுடன் பெருவிழாவாக அடக்கம் செய்தல் ஆகாது, உடலைச் சட்டசபை மண்டபத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தல் ஆகாது, புகழுரை வேண்டா என்று முன்னரே எழுதி வைத்திருந்தார். மையர் கோட்டைச் சிற்றாலயத்திற் சுருங்கிய வழிபாடு நடந்தது. ஒருவரோடொருவர் மனம் மாறுபட்டிருந்த ட்ரூமனும் ஐஸன்ஹோவரும் அன்று ஒரே ஆசனத்தில் அருகருகே அமர்ந்திருந்தனர். பின்னர் ஆர்லிங்டன் மேட்டில், 1927-இல் மறைந்த லில்லி அம்மையாரின் பக்கத்தே அவர் உடல் அடக்கம் பெற்றது. காதரின் அம்மையார் 1978 வரை வாழ்ந்திருந்து அவ்விடத்தையே அடைந்தார்.